நாற்பத்தெட்டாவது நிமிடத்துக்குப் பிறகு

அந்த விளையாட்டில் மொத்தமே நாற்பத்தோரு வாக்கியங்கள்தான். கணினிக்குள் நடக்கும் கூடைப்பந்து. படம் கிடையாது, ஓடுகிறவனைப் பார்க்க முடியாது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று வரி எழுத்தாக வந்து விழும். 'பந்து வளையத்தில் பட்டுத் திரும்புகிறது.' 'நடுவர் விசில் ஊதுகிறார்.' இவற்றையே மாற்றி மாற்றிப் போட்டு நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தை ஓட்டிவிடும். ஏழு வருடமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் படித்துவந்த சிற்பிக்கு நாற்பத்தொன்றும் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் அன்று மாலை, முப்பத்தாறாவது நிமிடத்தில் விழுந்த வரியைப் பார்த்ததும் வாய்வரை கொண்டுபோன டம்ளர் அப்படியே நின்றது.

'பதினாலாம் எண் பெஞ்சைப் பார்க்கிறான்.'

பதினாலாம் எண் அவர் வளர்க்கும் இளம் வீரன். ஆனால் அப்படி ஒரு வரி கிடையாது.

சிற்பி என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். பகலில் ஒரு பார்சல் கிடங்கில் பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளர். அந்தப் பன்னிரண்டு பேரும் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அதை இங்கே எழுத முடியாது. விளையாட்டுக்காரர்கள் கூடும் இணைய அரங்கில் மட்டும் அவர் பெரிய ஆள். 'இளம் வீரர்களைச் செதுக்குவது எப்படி' என்று பதினேழு பாகம் எழுதி முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே பதினெட்டாவதைத் தொடங்கியிருந்தார்.

செதுக்கும் வித்தை எளிதுதான். ஒரு பொடியன் நாற்பத்தெட்டு நிமிடமும் உட்காராமல் ஆடினால்தான் அந்த வாரப் பயிற்சி முழுசாக ஏறும். ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் வாரமே வீண். ஆகவே மற்றப் பயிற்சியாளர்கள் மாற்று ஆட்டக்காரர் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். சிற்பி ஒரு படி மேலே போனார். பெஞ்சில் ஆள் இருந்தால் விளையாட்டு தானாகவே யாரையாவது இறக்கிவிடக்கூடும் என்று, ஆடுகிற ஐந்து பேரைத் தவிர மற்ற எல்லாரையும் அணியிலிருந்து விரட்டிவிட்டார். பெஞ்சு துடைத்துவிட்ட மாதிரி. 'பெஞ்சைப் பார்க்கிறவன் வீரனாக மாட்டான்' என்று ஒன்பதாம் பாகத்தில் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்.

வீட்டிலும் அதே வித்தைதான். எதிர் அறையில், கதவு திறந்தபடி, பதினேழு வயது மகள் நுழைவுத் தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை. நடுவில் எழுந்திருக்கக் கூடாது.

"அப்பா, கண்ணெல்லாம் எரியுதுப்பா. பத்து நிமிஷம் படுத்துக்கவா?"

"எத்தனாவது கணக்கு?"

"இருபத்திமூணு."

"நாப்பது முடி பாப்பா. அப்புறமா கண்ணைப் பத்திப் பேசலாம்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, உங்க கம்ப்யூட்டர் பசங்களுக்காவது நடுவுல தண்ணி கிண்ணி குடுப்பாங்களா?"

"அவங்களுக்குத் தாகம் எடுக்காது. அதான் முன்னேறுறாங்க."

"ஆமா, முன்னேறி முன்னேறி ஸ்க்ரீனுக்கு வெளிய வந்துடப் போறாங்க. பார்த்து."

அவர் சிரிக்கவில்லை. மேலே நகர்த்திப் பார்த்தார். அந்த வரியைக் காணவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு முன் தேர்வாளர் போன் செய்தார். விளையாட்டின் தேசிய இளையோர் அணிக்கு ஆள் பொறுக்குகிறவர். மீதி நேரத்தில் செருப்புக் கடையில் அடுத்தவர் காலுக்கு அளவு எடுக்கிறவர். ஆனாலும் போனில் மந்திரி மாதிரிதான் பேசுவார்.

"சிற்பி சார், உங்க பதினாலு விஷயமா கமிட்டி கூடிச்சு." கமிட்டி என்றால் அவர் ஒருவர்தான். "தடுப்பாட்டத்துல இன்னும் ரெண்டு படி ஏறணும். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை அவனுக்கு இருபத்திரண்டு முடியுது. அப்புறம் இளையோர் இல்ல."

"ரெண்டு சனிக்கிழமை இருக்கு. ஏத்திடுவேன்."

"ஏத்துங்க. அறிவிப்புல உங்க பேரைத் தனி வரியில போடுறேன்."

"சார், ஒண்ணு கேக்கணும். 'பெஞ்சைப் பார்க்கிறான்'னு ஒரு வரி புதுசா சேர்த்திருக்காங்களா?"

"அப்படி எதுவும் கிடையாதே. நல்லாத் தூங்குறீங்களா?"

தனி வரி. சிற்பி நன்றாகவே தூங்கினார்.

அடுத்த சனிக்கிழமை வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளமாகக் கிடக்க, மின்விசிறியின் கிறீச்சுக்கு அடியில் வேறொரு கிறீச்சு கேட்டது. ரப்பர் அடிப்பாகம் வழவழப்பான தரையில் உரசித் திரும்புகிற சத்தம். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு, தாம் இருப்பதே கடைசி மாடி என்பது நினைவுக்கு வந்தது. அதோடு ஒரு வாடையும். நாள்கணக்கில் காயாத சட்டையும், பூட்டிக் கிடந்த கூடமும், பழைய ரப்பரும் கலந்த வாடை, கணினியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாக வந்து முகத்தில் படிந்தது.

'பதினாலாம் எண் கை தூக்குகிறான்.'

'பெஞ்சு காலி.'

'பயிற்சியாளர் மூக்கைத் துடைக்கிறார்.'

சிற்பி மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

ஒரே ஒரு சொடுக்கில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கலாம். அவனை உட்கார வைத்திருக்கலாம். அந்தப் பொத்தானின் மேல் சுட்டியை வைத்தும் பார்த்தார். தனி வரி நினைவுக்கு வந்தது. எடுத்துவிட்டார். நாற்பத்தெட்டில் விசில் ஊதியது. தடுப்பாட்டம் ஒரு படி ஏறியிருந்தது.

"ஆஹா," என்றார் சத்தமாக. குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்த மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னைக்கு விட்டுடுங்க. புள்ள கொதிக்குது."

"பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல் வந்தா? விட்டுடுவாங்களா?"

"நீங்க கிடங்குல பேசுற பேச்சையெல்லாம் வீட்டுல பேசாதீங்க."

"விடும்மா," என்றாள் மகள், பேனாவை எடுத்தபடி. "நாப்பது போட்டாத்தான் விடுவாரு."

ஆட்டம் தொடங்கியது. இந்த முறை நாற்பத்தொன்றில் ஒரு வரிகூட வரவில்லை. பந்து இல்லை, நடுவர் இல்லை, எதிரணி இல்லை. 'பதினாலாம் எண் ஓடுகிறான்.' 'பதினாலாம் எண் ஓடுகிறான்.' எதிர் அறையில் பேனா காகிதத்தைக் கீறும் ஒலி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சுவருக்குள் ஒருவன் வாயால் மூச்சு வாங்கினான்.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

விசில் இல்லை.

நாற்பத்தொன்பது.

'பதினாலாம் எண் ஓடுகிறான்.'

ஐம்பத்து மூன்றில் அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் பொத்தானை அழுத்தினார். அது அசையவில்லை. கணினியை அணைத்தார். அணையவில்லை. கடைசியில், ஏழு வருடத்தில் முதல் தடவையாக, மாற்று ஆட்டக்காரர் கட்டத்தைத் திறந்தார். காலியாக இருக்க வேண்டிய கட்டம். அதில் ஒரு பெயர் இருந்தது.

பாப்பா. வயது 17. உயரம் 158 செ.மீ.

பக்கத்தில், எவ்வளவு தூரம் செதுக்கலாம் என்று காட்டும் வளர்ச்சி வரம்பு: பத்துக்கு ஏழு.

ஏழு மோசமில்லை என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் பயந்தார்.

கட்டத்தை மூடினார். வேண்டாம். யாரும் இறங்க வேண்டாம். அவனே ஓடட்டும்.

'பதினாலாம் எண் விழுகிறான்.'

'எழவில்லை.'

'புதிய ஆட்டக்காரர் உள்ளே வருகிறார்.'

பேனாவின் ஒலி நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலி மெல்லச் சுழன்று நின்றது. நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் காற்றில் படபடத்தன. அறைக்கு வேறு கதவு இல்லை. ஜன்னலில் கம்பி.

"பாப்பா?"

எழுந்து போகத்தான் நினைத்தார். திரை கூப்பிட்டது.

'பாப்பா பெஞ்சைப் பார்க்கிறாள்.'

மறுபடி கட்டத்தைத் திறந்தார். இப்போதும் ஒரே பெயர். சிற்பி என்று இல்லை. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் அவர் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. வயது 47. மூச்சுத் திறன்: மிக மோசம். வளர்ச்சி வரம்பு: இல்லை.

அழுத்தினால் போதும், அவள் உட்காரலாம்.

அவர் யோசித்தார். யோசிக்க நிறையக் காரணங்கள் கிடைத்தன. பயிற்சியாளன் களத்தில் இறங்கும் வழக்கமில்லை. இந்த மூச்சை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. அப்புறம் யார் இறங்குவது, அவள் அம்மாவா? பொறுத்துப் பார்க்கலாம். சின்னப் பெண். தாங்குவாள். இன்னொரு நாற்பத்தெட்டு நிமிடத்தில் விசில் ஊதினாலும் ஊதலாம்.

'பாப்பா ஓடுகிறாள்.'

"எங்கடி போன? சொல்லாம கொள்ளாம!" மனைவி தைலப் புட்டியோடு வந்து, மகள் அறை வாசலில் நின்று, தரையைப் பார்த்தாள். "ஏங்க, யாரு இங்க தண்ணியக் கொட்டினது?"

தண்ணீர் இல்லை. வியர்வை ஈரத்தில் பாதச் சுவடுகள். சுவரிலிருந்து சுவருக்கு. வெறுங்கால், சிறியது, ஐந்து விரலும் தெளிவாக. கதவுக்கு நேரே வந்ததும் இரண்டு பாதமும் சேர்ந்து ஒரு கணம் நிற்கும், விரல்கள் அவர் இருக்கும் பக்கம் திரும்பியபடி. பிறகு போய்விடும்.

மனைவி துணியை எடுத்துக் குனிந்தாள். முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். அவள் துடைத்த இடத்துக்குப் பின்னால் புதிதாக விழுந்தன. இன்னும் நெருக்கமாக. இன்னும் தடுமாறி.

அவர் விரல் சுட்டியின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.

மனைவி துடைப்பதை நிறுத்தினாள். துணி கையிலிருந்து நழுவியது.

தரையில் இப்போது விழுந்துகொண்டிருந்தவை பாதங்கள் இல்லை. இரண்டு உள்ளங்கை. இரண்டு முழங்கால். சுவரிலிருந்து சுவருக்கு, நிற்காமல்.