தட்டு மறையும் ஆழம்

முந்தின நாள் அப்படிக் கொட்டிய மழைக்குப் பிறகும் அந்தக் கல்குவாரிக் குட்டை கலங்கவே இல்லை. தமிழ்செல்விக்கு முதலில் உறுத்தியது அதுதான். பள்ளிப்பட்டு சாலை நெடுக செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் யாரோ கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது. ஈரக்கல் வாசனையோடு துருப்பிடித்த இரும்பின் வாசனையும் லேசாக அடித்தது.

செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும்போது இந்தக் குட்டையைப் படம் எடுக்கும். அதே நேரத்தில் தண்ணீரின் தெளிவை அவள் இங்கே அளந்து ஒப்பிட வேண்டும். போன இரண்டு முறையும் மேகம் கெடுத்துவிட்டது. இன்றும் தவறினால் அவளுடைய ஆராய்ச்சி அம்போதான்.

லாரி டியூப்களின் மேல் பலகை கட்டிய மிதவையில், இங்கே மீன் பிடிக்கும் கோதண்டபாணி அவளை நடுக்குட்டைக்குக் கொண்டுவந்திருந்தார். திருத்தணி மலையிலிருந்து வந்த ஒலிபெருக்கிப் பாட்டு பாறைகளுக்குள் இறங்கியதும் அடங்கிப்போனது.

"போயிடலாம்மா. ஒரு மீனுகூட மேல வரல. ஒரு மாதிரியா கீது."

"கொஞ்சம் பொறுங்கண்ணா. சாட்டிலைட் இப்ப வந்துடும்."

தெளிவை அளக்கும் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி அவர் இறக்கினார். வெயிலில் கண் கூசாமலிருக்க, அவள் நிழல் விழுந்த பக்கம் கவிழ்ந்து படுத்து, மூக்கு தண்ணீரைத் தொடுமளவு குனிந்தாள். தட்டு இறங்கியது. மங்கியது. மறைந்தது. இனி அது மறுபடி கண்ணில் படும்வரை மெல்ல மேலே இழுக்க வேண்டும்.

"மறைஞ்சிடுச்சு. இழுங்கண்ணா."

பச்சை இருட்டுக்குள் வெள்ளையாக ஒன்று துலங்கியது.

"தெரியுது! நிறுத்துங்க."

"நான் இன்னும் இழுக்கவே இல்லியேம்மா. கயிறு எங்கியோ சிக்கிகினு கீது."

அவர் பல்லைக் கடித்து வெடுக்கென்று சுண்டி இழுத்தார். கயிறு விடுபட்டது. தட்டு சரசரவென்று ஏறி, அவள் முகத்தருகே தண்ணீரைக் கிழித்து வெளியே வந்து பலகையில் விழுந்தது.

"இந்தாம்மா, வந்துடுச்சு."

கீழே அந்த வெள்ளை அப்படியே இருந்தது.

பெரிதாகிக்கொண்டே வந்தது. நடுவில் கறுப்பு. தள்ளி, இன்னொரு வெள்ளை. அதன் நடுவிலும் கறுப்பு. இரண்டுக்கும் இடையில் மிதவை முழுதும் அடங்கும்.

அண்ணா என்று கூப்பிட வாய் திறந்தாள். அவர் சொன்னபோதே போயிருக்கலாம்.

கைப்பேசி அலாரம் அடித்தது. வானத்தில் செயற்கைக்கோள் கடந்துகொண்டிருந்தது. மேகமே இல்லை.

இரண்டு கறுப்புகளும் மெல்ல நகர்ந்து அவள் முகத்தில் வந்து நின்றன. பிறகு, சேர்ந்தாற்போல், ஒருமுறை இமைத்தன.