நல்ல ரத்தம்

அன்றைக்குக் காலையில் பூனை மடியேறி உட்கார்ந்தும் அவளுக்குத் தும்மல் வரவில்லை.

வாலால் அவள் மூக்கையே தடவியது. ஊஹூம், ஒன்றுமில்லை. "பாருடி சாம்பல், அம்மாவுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு!" என்று மகள் துள்ளினாள். வீட்டில் எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் பூனையை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். ஏனென்றால் அந்தத் தும்மலே அவளுடையது இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு எலும்பு மஜ்ஜை வற்றிப்போய், உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டது. அக்காதான் தன் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றினாள். அன்று முதல் இவள் உடம்பில் ஓடுவது அக்காவின் ரத்தம். கூடவே அக்காவின் ஒவ்வாமையும் வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை பூனையோடு ஒரே போர்வையில் தூங்கியவள், பூனை வாசலுக்கு வந்தாலே தும்ம ஆரம்பித்தாள், அக்கா மாதிரியே வரிசையாக மூன்று. மூன்றாவது முடிந்ததும் அக்கா மட்டும் "அம்மாடி" என்று பெருமூச்சு விடுவாள். "தும்மலைக் குடுத்தேன், அம்மாடியைக் குடுக்கலைடி குட்டி" என்று கிண்டல் வேறு.

ஆஸ்பத்திரியில், ஒரு திரைச்சீலைக்கு இரண்டு பக்கமும் படுத்திருந்தபோது அக்கா சொன்னது அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எனக்குக் குழந்தை நிக்காதுன்னுட்டாங்க. உனக்கு முதல்ல பொறக்கிற பொண்ணு எனக்கு. சரியா?"

"எடுத்துக்கோயேன்" என்று இவளும் சிரித்தாள். பிழைப்போமா என்றே தெரியாதவளுக்கு வாக்குக் கொடுக்க என்ன செலவு?

வாலு பிறப்பதற்கு முன்பே ஒரு காய்ச்சல் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், மரப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

வாலுவின் அம்மாவுக்கு ஒவ்வாமை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. யார் ரத்தத்துக்கு எது ஆகாது என்று பார்ப்பார்கள். சின்னக் குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டில் குழிக்கு ஒன்றாக மகரந்தம், பூஞ்சை, தூசி என்று ஒட்டியிருக்கும். அதன்மேல் ரத்தத்தின் தெளிந்த நீரை விடுவார்கள். பழகிய எதிரி என்றால் குழி மஞ்சளாகும். உடம்பு இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிற பொருள் என்றால் நீலம். எதிர்ப்பே இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். நோயாளியோடு ஒப்பிட நோயில்லாத ஒருத்தரின் ரத்தமும் வேண்டுமே, அதற்கு ஊழியர்களே கையை நீட்டுவது அங்கே வழக்கம். அவள் ரத்தம் பூனைக் குழியைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காது. "நல்ல ரத்தம்" என்று தலைமை ஆராய்ச்சியாளரான மேடம் பெயரே வைத்துவிட்டார். அது யாருடைய ரத்தம் என்று வேலைக்குச் சேரும்போது அவள் சொல்லவில்லை. நோயாளி என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

சில வாரங்களுக்கு முன் அந்த நல்ல ரத்தம் வாய் திறந்தது. மக்கிய மரத்தில் வளரும் பூஞ்சை. நீலம்.

"தட்டைச் சரியாக் கழுவலையோ?" என்றார் மேடம். கழுவினாள். மறுபடி நீலம். அடுத்த வாரம் மரக் குழி வெளுத்துவிட்டது. ஆழத்து மண்ணில், காற்றுப் புகாத இடத்தில் இருக்கும் பூஞ்சை நீலமானது. "வீட்டுல தோட்டம் போடறியா?" என்று மேடம் கேட்டார். "தொட்டிச்செடி வெச்சிருக்கேன் மேடம்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அதற்கப்புறம் புல். அதற்கப்புறம் ஆற்றுப் பாசி. அவள் ஆற்றங்கரைப் பக்கம் போயே வருஷங்கள் ஆகின்றன.

போன வாரம் புறா எச்சம். அவள் இருக்கும் அடுக்குமாடியின் படிக்கட்டில், மாடிக்கு மாடி ஜன்னல் விளிம்பில் புறாக்கள் குடும்பம் நடத்துகின்றன. ஆனால் அந்தப் படிகளில் அவள் தினமும் ஏறி இறங்குகிறவள். அவளுக்கு அது எப்படிப் புதிதாகும்?

மரப்பெட்டி, மண், புல், ஆறு, படிக்கட்டு. கல்லறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. சே, பேய்க்கதை கேட்டு வளர்ந்த புத்தி எங்கே போகும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த வாரம் வீட்டுத் தூசியைப் பற்றிய புது ஆராய்ச்சி தொடங்கியது, எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து அறைக்கு அறை தூசி கொண்டுவந்தார்கள். அவளும் கூடம், சமையலறை, படுக்கையறை, வாலுவின் கட்டிலடி என்று பெருக்கிச் சின்னப் பைகளில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

இன்று அந்தத் தட்டு. மத்தியானம் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. வேறு பஞ்சு வைத்தாள், அதுவும் நனைந்தது. மஜ்ஜை வற்றிய நாட்களில் இப்படித்தான் நிற்காமல் கசியும். வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, குளிர்பெட்டியின் முனகலும் ஸ்பிரிட் நெடியும் மட்டும் இருந்த அறையில், அவள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

பூனைக் குழி வெள்ளை. கூடம் வெள்ளை. சமையலறை வெள்ளை. படுக்கையறை வெள்ளை.

கட்டிலடி நீலம். மை கொட்டினாற்போல.

இந்நேரம் பள்ளி விட்டிருக்கும். வாலு தனியாக இருப்பாள், அப்பா வர இன்னும் நேரமாகும். போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

"மேடம், நான் கிளம்பறேன்."

"ஏய், கையில ரத்தம் சொட்டுது பாரு!"

பார்க்கவில்லை. மழையில் ஓடினாள், ஆட்டோவுக்குக் கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். கடவுளே, என் பிள்ளை. வேறு எதையும் கேட்கவில்லை, என் பிள்ளை.

படிக்கட்டில் புறாக்கள் ஒன்றுகூட முனகவில்லை. எல்லாம் விளிம்பின் கோடியில் ஒண்டிக்கொண்டு, மேல் மாடியையே பார்த்தபடி இருந்தன. கைப்பிடிச் சுவரில் பாசி வாடை. மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் இந்தப் படிகளுக்கு இவ்வளவு வாங்காது. உடம்பிலிருந்து யாரோ சாமான்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு போகிறார்கள்.

கதவு தாழில்லாமல் சாத்தியிருந்தது.

"வாலு?"

உள்ளே பேச்சுக்குரல். மகளுடையது மட்டும். ஏதோ சொல்கிறாள், நிறுத்துகிறாள், சிரிக்கிறாள்.

அறையில் விளக்குப் போடவில்லை. மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பூனை. பூனையின் முதுகு மயிர் நட்டுக்குத்தலாக நின்றது.

"யார் கூடடி பேசிட்டிருந்தே? எந்திரி. அம்மாகிட்ட வா."

மகள் எழவில்லை. அவள் முகத்தில் பயமில்லை, கோபமும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்கிற மாதிரி ஏறிட்டுப் பார்த்தாள்.

"அம்மா, எடுத்துக்கோன்னு நீதான் சொன்னியாமே?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேசியது. இரண்டே பேர். மூன்றாம் மனிதருக்குத் தெரியாது.

"இல்லடா... அது சும்மா... விளையாட்டுக்கு..."

விரல் நுனியிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரத்து இருட்டில், யாரோ தும்மினார்கள்.

மறுபடி.

மறுபடி.

"அம்மாடி."

மகள் வெடுக்கென்று பூனையைக் கீழே இறக்கிவிட்டாள். "அதுக்குத்தான் சொன்னேன், சாம்பலை வெளிய விட்டுடலாம்னு" என்று இருட்டைப் பார்த்துச் செல்லமாகச் சொல்லிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் பக்கத்தில் மெத்தை மெல்ல மெல்ல அமுங்கியது.