ஏழு வாய், இருபத்தெட்டு உருண்டை

டெர்வ்லா கொட்டகைக் கதவை ஓங்கி உதைத்தாள். கதவு இரும்பு. வலி கதவுக்கு இல்லை.

"இன்னொரு தடவை உதை, அக்கா. கதவு ஓடிப் போயிடும்," என்றான் தம்பி டாரா. அவனுக்கு ஆறு வயது. வாய்க்கு அறுபது.

டெர்வ்லாவுக்குப் பதினோரு வயது. கோபம் வந்தால் அவள் காது சிவக்கும். போன சனிக்கிழமையிலிருந்து காது சிவந்தேதான் இருந்தது.

கோபத்துக்குக் காரணம் கொட்டகைக்குள் நின்று மென்றுகொண்டிருந்தது. ஒன்றில்லை, ஏழு. நான்கு பழுப்புக் காளைக்கன்று, மூன்று கறுப்புக் காளைக்கன்று. வாங்க வேண்டியது நான்குதான்.

அப்பா மலக்கி இருபது வருடம் சதுப்பு நிலத்தில், அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டும் கம்பெனியில் இயந்திரம் ஓட்டினார். வசந்தத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் ஆறாயிரத்து எண்ணூறு யூரோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய மேஸ்திரி இங்கிலாந்தில் கட்டட வேலைக்குக் கூப்பிட்டார். போனால் வருடத்துக்கு மூன்று தடவைதான் வீட்டுக்கு வர முடியும்.

"வேணாம். இந்தக் காசுல மாடு வாங்கி வளத்து விக்கலாம்," என்றார் அப்பா. "இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிட்டா நான் எங்கயும் போகமாட்டேன்." ஆனால் மேஸ்திரிக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டது டெர்வ்லாதான். அப்பாவுக்குக் கணக்கு வராது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெளியே புல் கிடையாது. மாடுகள் கொட்டகைக்குள்தான் நிற்கும். கோடையில் வெட்டி, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி வைத்த புல் உருண்டைதான் சாப்பாடு. ஒரு கன்றுக்குக் குளிர்காலம் முழுக்க ஏழு உருண்டை. அவர்களிடம் இருந்தது இருபத்தெட்டு. ஆக, நான்கு கன்று. மிச்சக் காசு மாவுத் தீவனத்துக்கு, மாட்டு டாக்டருக்கு, டீசலுக்கு.

"நாலு," என்று அப்பா விரலை மடக்கிக் காட்டினார்.

"நாலு," என்றாள் டெர்வ்லா.

போன சனிக்கிழமை அப்பா சந்தையிலிருந்து ஏழோடு வந்து இறங்கினார்.

ஏன் என்று கேட்டதற்கு ஆறு நாளாக ஒழுங்கான பதில் இல்லை. மழை, முதுகுவலி என்று பேச்சை மாற்றினார். இன்று வெள்ளிக்கிழமை. அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா புல்லை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தீவனக் கம்பி; அவர் தப்பிப் போக முடியாது. டெர்வ்லா வழியை மறித்து நின்றாள்.

"ஏழு கன்னு இருபத்தெட்டு உருண்டைய எப்ப முடிக்கும் தெரியுமா? பிப்ரவரி பாதியில. அப்புறம் ரெண்டு மாசம் என்ன போடுவீங்க? உங்க தொப்பியையா?"

"வாங்கிக்கலாம்."

"எதை வச்சு? நானூத்தி நாப்பது யூரோதான் மிச்சம். இப்ப ஒரு உருண்டை முப்பது. பிப்ரவரியில எல்லாருக்கும் தட்டுப்பாடு வரும். அறுபது கேப்பாங்க. இருபத்தோரு உருண்டை வேணும்."

அப்பா வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார்.

"ஆயிரத்தி எரநூத்தி அறுபது," என்றாள் டெர்வ்லா. "அதுக்காக நீங்க இங்கிலாந்து போவீங்க. ஏன்ப்பா ஏழு வாங்குனீங்க?"

அப்பா புல் வாரும் கவையைச் சுவரில் சாய்த்தார்.

"அந்தப் பெரிய பண்ணை ஃபீனிக்காரி இருக்காளே," என்று ஆரம்பித்தார். "அந்த மூணு கறுப்புக்கும் ஏலம் கேட்டுட்டிருந்தா. நான் வேடிக்கைதான் பாத்தேன். திரும்பி என்னைப் பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றா, 'மலக்கி, நீ கரிமண்ணு வெட்டுனவன். உனக்கு மாட்டுக்கு எது தலை எது வாலுன்னு தெரியுமா?'ன்னு. சுத்தி நின்னவனெல்லாம் சிரிச்சான். அவ தலைக்குத் தொள்ளாயிரத்துப் பத்துல நின்னா. நான் தலையை ஆட்டிட்டேன், தொள்ளாயிரத்து இருபதுன்னு. அவ ஏத்துவான்னு நெனச்சேன். ஏத்தட்டும், அவ காசு போகட்டும்னு. அவ கையைப் பாக்கெட்டுல விட்டுட்டா. ஏலம் என் தலையில முடிஞ்சுது."

"தலையை ஆட்டிட்டீங்க," என்றாள் டெர்வ்லா.

"ஒரு தடவைதான்."

"மூணு கன்னு. ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபது யூரோ. ஒரு தலையாட்டலுக்கு! வித்துடுங்க."

"அதே சந்தையில, ஒரே வாரத்துல, நஷ்டத்துக்கா? ஊரே பாத்துச்சு நான் வாங்குனதை. செத்தாலும் கொடுத்த விலைக்குக் கீழ விக்கமாட்டேன். போடி, வீட்டுப்பாடம் எழுது."

டெர்வ்லா வீட்டுப்பாடம் எழுதவில்லை. சைக்கிளை எடுத்தாள்.

"எங்க போற?" என்றான் டாரா.

"சண்டைக்கு."

"நானும் வர்றேன்!"

"நீ கன்னுங்களுக்குப் பேர் வச்சதே போதும். இங்கயே இரு."

டாரா ஏழுக்கும் பெயர் வைத்திருந்தான். கறுப்பு மூன்றுக்கும் கஸ்டர்ட், வெண்ணெய், முள்ளங்கி. நாம் தின்னப் போகும் மாட்டுக்குத் தின்னும் பொருளின் பெயர் வைப்பதில் தப்பில்லை என்பது அவன் கட்சி.

சதுப்புச் சாலையில் மழை முகத்தில் அறைந்தது. இரண்டு மைல் தூரமும் டெர்வ்லா வாய்க்குள் பேசிக்கொண்டே மிதித்தாள். அப்பா மேல் பாதிக் கோபம். அட்ராக்டா ஃபீனி மேல் மீதிக் கோபம்.

ஃபீனியம்மாவிடம் அறுபது மாடு. அவர் கொட்டகைக்குப் பின்னால் கறுப்பு உருண்டைகள் மலைபோல் அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும் டெர்வ்லாவின் காது இன்னும் சூடானது. ஃபீனியம்மா டிராக்டரின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஃபீனியம்மா, வெளிய வாங்க," என்றாள் டெர்வ்லா பூட்ஸைப் பார்த்து.

"யாரது, வரி ஆபீஸா?"

"மலக்கி பொண்ணு."

பூட்ஸ் அசைந்தது. எண்ணெய் பூசிய ஒரு முகம் வெளியே வந்தது.

"உங்க வாயால எங்க அப்பாவுக்கு மூணு கன்னு வேஸ்ட்டா வந்துருச்சு," என்றாள் டெர்வ்லா. "எல்லார் முன்னாடியும் ஏன் அப்படிப் பேசுனீங்க? கரிமண்ணு வெட்டுனா கேவலமா? போன வருஷம் வரைக்கும் உங்க வீட்டு அடுப்பு அதுலதான எரிஞ்சுது?"

ஃபீனியம்மா கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எனக்கு வாய் கொஞ்சம் நீளம்," என்றார் கடைசியில். "ஆனா உங்கப்பனுக்குத் தலை நீளம். எதுக்கு ஆட்டுனான்? எனக்கும் ஆத்திரம்தான். அந்த மூணும் எனக்கு வேணும். ஒரே மாதிரி கறுப்புல பன்னெண்டு வச்சிருக்கேன். பதினஞ்சா ஒரே அளவுல கொடுத்தா வியாபாரி தலைக்கு அம்பது யூரோ சேத்துத் தருவான். பாதியில உங்கப்பன் வந்து குட்டையைக் குழப்பிட்டான்."

டெர்வ்லா திட்டுவதற்கென்று இன்னும் நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப வாங்கிக்குங்க."

"எண்ணூத்தி முப்பது தர்றேன்."

"போன சனிக்கிழமை தொள்ளாயிரத்துப் பத்துல நின்னீங்க. ஆறு நாள்ல சுருங்கிடுச்சா? எங்க புல்லைத் தின்னு பெருத்துதான் இருக்கு."

ஃபீனியம்மா சிரித்துவிட்டார். டெர்வ்லா சிரிக்கவில்லை.

"எங்கப்பா தொள்ளாயிரத்து இருபதுக்குக் கீழ ஒரு காசு குறைஞ்சாலும் விக்கமாட்டார். நாங்க பட்டினி கிடந்தாலும் விக்கமாட்டார். அவருக்கு ஊர் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால விலை தொள்ளாயிரத்து இருபதுன்னே சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. ராசிக்காசை அப்புறம் பேசிக்கலாம்."

ஃபீனியம்மாவின் கண் சுருங்கியது.

மாடு விற்றவர், வாங்கியவர் கையில் ராசிக்கென்று கொஞ்சம் காசைத் திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கம். விலை ஊருக்குத் தெரியலாம். ராசிக்காசு எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் மரியாதை இல்லை.

"உனக்கு எத்தனை வயசு?" என்றார் ஃபீனியம்மா.

"பதினொண்ணு."

"பிசாசு. சைக்கிளைத் தூக்கி டிரெய்லர்ல போடு."

டிராக்டரும் டிரெய்லரும் முற்றத்துக்குள் நுழைந்தபோது அப்பாவின் முகம் கறுத்தது. அவர் மகளைப் பார்த்தார். ஃபீனியம்மாவைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு இவகிட்டப் போன?"

"யாரையும் கேக்கல. நீங்க யாரைக் கேட்டுத் தலையை ஆட்டுனீங்க?"

ஃபீனியம்மா டிராக்டரிலிருந்து இறங்கினார். "மலக்கி, சண்டையை அப்புறம் வச்சுக்கோ. அந்த மூணையும் தலைக்குத் தொள்ளாயிரத்து இருபதுக்கு எடுத்துக்கறேன்," என்று கத்தினார். சாலை வரை கேட்டிருக்கும்.

அப்பா தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சாலையை எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கி சந்தையில நான் பேசுனது தப்பு," என்றார் ஃபீனியம்மா. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. "இப்ப ராசிக்காசைப் பேசு. தலைக்கு நாப்பது."

"நாப்பதா? பத்து கொடுத்தாலே அதிகம்!"

"அப்ப நான் கிளம்புறேன்."

"கிளம்பு. யாரு கூப்பிட்டா?"

"முப்பத்தஞ்சு தர்றானான்னு கேளு," என்றார் ஃபீனியம்மா டெர்வ்லாவிடம், அப்பாவைப் பார்க்காமல். "அதுக்குக் கீழ இறங்கமாட்டேன்."

"இருபதுக்கு மேல ஏறமாட்டேன்னு சொல்லு," என்றார் அப்பாவும், ஃபீனியம்மாவைப் பார்க்காமல்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்றார்கள். மழை இருவர் தொப்பியிலிருந்தும் சொட்டியது. டாரா ஜன்னல் வழியாக மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெர்வ்லாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"முப்பது!" என்று கத்தினாள். "ரெண்டு பேரும் பெரியவங்க மாதிரியா நடந்துக்கறீங்க? ஆளுக்கு அஞ்சு, பத்து விட்டுக்கொடுத்தா குடியா முழுகிடும்? முப்பது! கையைக் கொடுங்க!"

அவள் அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். ஃபீனியம்மாவின் எண்ணெய்க் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டையும் சேர்த்துப் பளார் என்று அறைந்தாள். கொட்டகைக்குள் கன்றுகள் மெல்லுவதை நிறுத்தின.

சந்தையில் பேரம் முறியும்போது தரகர்கள் அப்படித்தான் செய்வார்கள். மூன்றாவது ஆள் கையைச் சேர்த்து வைத்துவிட்டால் விலகக் கூடாது. விலகினால் அடுத்த சந்தையில் அவரோடு யாரும் பேசமாட்டார்கள்.

அப்பா சேர்ந்திருந்த கைகளைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"முப்பது," என்றார்.

"முப்பது," என்றார் ஃபீனியம்மா. "உன் பொண்ணுக்குக் கை கல்லு மாதிரி இருக்கு மலக்கி."

மூன்று கறுப்புகளும் டிரெய்லரில் ஏறின. முள்ளங்கி மட்டும் ஏற மறுத்தது. டாரா ஓடிவந்து அதன் பின்னால் தள்ளினான். "அங்க நிறைய உருண்டை இருக்கு, போடா," என்று அதனிடம் சொன்னான். அப்புறம் கொஞ்சம் அழுதான்.

டிராக்டர் போனதும் முற்றம் அமைதியானது. அப்பா நனைந்த நோட்டுகளை மகளிடம் நீட்டினார். ராசிக்காசு தொண்ணூறு போக இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது யூரோ. பழைய நானூற்று நாற்பதோடு சேர்த்து மூவாயிரத்து நூற்றுப் பத்து. தீவனத்துக்கும் டாக்டருக்கும் டீசலுக்கும் தாராளமாகப் போதும்.

"தொண்ணூறு நஷ்டம்," என்றார் அப்பா.

"பிப்ரவரியில ஆயிரத்தி எரநூத்தி அறுபது நஷ்டம்," என்றாள் டெர்வ்லா.

"இன்னும் கோபமா இருக்கியா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

டெர்வ்லா யோசித்தாள். "அது நீங்க இப்ப யாருக்குப் போன் பண்றீங்கங்கறதைப் பொறுத்தது."

அப்பா கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நான் மலக்கி பேசறேன்," என்றார். "அந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க. இல்ல, சம்பளம் காரணம் இல்ல. எனக்கு இங்க நாலு மாடு இருக்கு."