மூன்றாவது பட்டை

திரையின் இடது ஓரத்தில், கீழ் மூலையில், கறுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ரோகிணி முதலில் அதைத் தன் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தாள். பன்னிரண்டு நாளாகத் துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டே ஓய்ந்துபோன உடம்பு, சரியாகத் தூங்காத கண். அதிலும் வெளியே வெயில் கொளுத்துகிற பதினொரு மணிக்கு இந்த இருட்டறைக்குள் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் எது ஒழுங்காகத் தெரியும். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். மூலை அப்படியேதான் இருந்தது.

"எத்தனை பட்டை தெரியுது?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் புருஷன் கண்ணன் கேட்டான்.

திரையில் பத்துப் பட்டைகள் வரிசையாக நின்றன. இடது ஓரத்தில் இருப்பது முழுக் கறுப்பு. வலது பக்கம் போகப்போகச் சாம்பல். முதல் இரண்டும் இருட்டோடு இருட்டாக மறைந்துவிட வேண்டும், மூன்றாவது பட்டை தெரிந்தும் தெரியாமலும் நிற்க வேண்டும், அப்போதுதான் கறுப்பு சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். புரொஜெக்டர் மாட்ட வந்த காரைக்குடி செல்வம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன கணக்கு இது.

"எட்டு. மூணாவது லேசாத் தெரியுது," என்றாள். "ஆனா இடது பக்கம் கீழ மட்டும் ரொம்பக் கறுப்பா இருக்குங்க."

"எங்குட்டு?"

"அங்குட்டு. ஸ்பீக்கருக்கு மேல."

கண்ணன் சிரித்தான். "புரொஜெக்டர் வெளிச்சத்தத்தான் அனுப்பும், கறுப்ப அனுப்பாது. வெளிச்சம் விழுகாத எடம்தான் கறுப்பு. அதவிடக் கறுப்பா ஒரு எடம் தெரியணும்னா, நடுவுல எதாச்சும் மறைச்சுக்கிட்டு நின்னாத்தான் உண்டு."

சமாதானமாகத்தான் அதைச் சொன்னான். எழுந்து போய்த் திரையின் மூலையை உள்ளங்கையால் துடைத்தும் காட்டினான். "ஒண்ணுமில்ல பாரு." அவன் அங்கே நின்ற அந்தச் சில விநாடிகளில் அவனுடைய வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது வேட்டி முழுதாக இருந்தது. அதைச் சொன்னால் கண் டாக்டரிடம் போகச் சொல்லுவான்.

இந்த அறையில்தான் அவளுடைய மாமனார் வீரையா உயிரை விட்டார். மானகிரியில் அவருடைய அப்பா கட்டிய வீட்டில், நடுமுற்றமான வளவின் வடக்குப் பக்கம் இருக்கும் ஜன்னலில்லாத உள்ளறை. கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும் என்று கடைசி இரண்டு வருடமாக அவர் கட்டிலை இங்கேதான் போட்டிருந்தார். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவர், இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும், முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்புதான் படத்துக்கு எதிரியாம். திரையில் பட்ட வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கறுப்பையெல்லாம் சாம்பலாக்கிவிடுமாம். அதனால் கண்ணன் கறுப்பு வெல்வெட் துணி வாங்கிவந்து நாலு சுவரையும் மூடினான். புதுத்துணியின் வாடையும், கட்டில் கிடந்த இடத்தில் இன்னும் போகாமல் நின்ற தைல வாடையும் சேர்ந்து அறைக்குள் மூச்சை முட்டின.

துக்க வீட்டில் இது என்ன ஆட்டம் என்று உறவில் இரண்டொருவர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ரோகிணிக்குக் காரணம் தெரியும். வீரையா தன் வாழ்நாளில் போட்டோவுக்கு நின்றதில்லை. கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுகிற மனுஷன். மாலை போட்டு வைத்திருப்பதுகூட ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான். அந்தப் படத்தில் யார்தான் தன்னைப்போல இருந்திருக்கிறார்கள். அவர் இருக்கிற ஒரே வீடியோ, பேத்தியின் சடங்கு அன்று எடுத்தது. தாய்மாமன் சீர் வரும்போது பந்தலின் இருட்டான கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அரை நிமிஷத்துக்கும் குறைவாக. போனில் பார்த்தால் வெள்ளை வேட்டியும் அதற்கு மேலே ஒரு கறுப்புத் திட்டும்தான். டிவியிலும் அதே கதை. சிங்கப்பூரிலிருந்து சாவுக்கு வந்த மகன் கண்ணன், அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் முடியாமல் சுடுகாட்டுக் காரியம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவன், அந்தத் திட்டுக்குள் ஒரு முகம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டான். "முகம் அந்த வீடியோவுலயே இருக்குண்ணே, கறுப்ப மட்டும் கரெக்டா வச்சாத் தானா வரும்," என்று செல்வம் சொன்னது போதுமானதாக இருந்தது. பதினாறாம் நாள் கருமாதி, பதினேழாம் நாள் திருச்சியில் விமானம். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

தடையாக இருந்தது ஒரே ஒரு விளக்கு. உயிர் போன இடத்தில் பதினாறு நாளைக்கு விளக்கு எரிய வேண்டும். கட்டில் கிடந்த மூலையில் காமாட்சி விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் கண்ணன் அதைக் கையில் ஏந்தி, அணையாமல், பக்குவமாக, கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துவிட்டான். "எரியுதுல்ல? எங்க எரிஞ்சா என்ன," என்றான்.

அதற்கு ரோகிணி வாயைத் திறந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். கடைசி மாதம் முழுக்க வீரையா சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான். "வெளக்க அமத்திராதத்தா. அமத்துனா கிட்ட வந்துரும்." எது வரும் என்று கேட்டால் அந்த மூலையைப் பார்ப்பார். வயசான பேச்சு என்று அவள் நினைத்தாள். ஒருநாள் இரவு தலைவலி மண்டையைப் பிளந்தது. அவருடைய அறைக் குழல்விளக்கின் வெளிச்சம் கூடத்தில் படுத்திருந்த அவள் கண்ணில் குத்தியது. எழுந்து போய் அணைத்தாள். காலையில் அவர் கண் திறந்திருந்தது. மூலையைப் பார்த்தபடி. இமையை மூடிவிட்டவள் அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடமும். அந்தக் குற்றம் பன்னிரண்டு நாளாக அவள் நெஞ்சை அரித்தது.

"இன்னும் வெளிச்சம் ஒழுகுது," என்றான் கண்ணன்.

கதவுக்கு அடியில் வளவு வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. பழைய வேட்டியைச் சுருட்டி அங்கே வைத்து அடைத்தான். கோடு போனது. உச்சியில் கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். அட்டை வைத்து ஒட்டினான். ஆம்ப்ளிஃபயரில் நீலமாக ஒரு புள்ளி. அதற்குக் கறுப்பு டேப். ஒவ்வொன்றாக வெளிச்சம் போகப்போக வெளியிலிருந்து வந்த சத்தமும் போயிற்று. தெருவில் மீன்காரர் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது. வளவில் காக்கை கரைந்தது, அதுவும் இல்லை. தலைக்கு மேலே புரொஜெக்டர் விசிறி மட்டும் ஒரே சுருதியில் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொன்று, யாரோ மூக்கடைப்போடு மெல்ல மூச்சு வாங்குகிற மாதிரி, கேட்டதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இப்ப எத்தனை?"

எண்ணினாள். மூலையின் கறுப்பு உயர்ந்திருந்தது. இப்போது அதற்கு ஓரம் இருந்தது. தோள் மாதிரி ஒரு சரிவு.

"ஆறு."

"எட்டுத் தெரியணுமே." ரிமோட்டை அழுத்தினான். பட்டைகள் வெளுத்தன. "இப்ப?"

"அஞ்சு."

"வெளிச்சத்தக் கூட்டுனாக் கொறையுமா? ஒழுங்காப் பாத்துச் சொல்லு ரோகிணி."

ஒழுங்காகத்தான் பார்த்தாள். அது திரையில் இல்லை. திரைக்கு முன்னால் இருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, போதும். சோறு ஆறுது. வாரீகளா, வெளிய போயிருவோம்."

"எம்புட்டு கறுப்பு பாத்தியா," என்றான் அவன். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குரலில் சந்தோஷம். அப்பா செத்ததிலிருந்து அந்தச் சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை. "சிங்கப்பூர்ல லட்ச லட்சமா கொட்டுன தியேட்டர்லகூட இந்தக் கறுப்பு கெடைக்காது. வச்சாச்சு. வச்சாச்சு."

அவள் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. வீடியோவைப் போட்டான்.

பந்தல் வந்தது. சீர்த்தட்டுகள், பட்டுச்சேலைகள், குழல்விளக்குகள். நிறங்கள் கண்ணுக்கு இதமாக, நிஜத்தைவிட நிஜமாக இருந்தன. கேமரா மெல்லத் திரும்பியது. பந்தலின் கடைசி. வெள்ளை வேட்டி. மேலே திட்டு. திட்டு கலைந்தது. நெற்றி வந்தது. புருவம் வந்தது. ஒட்டிய கன்னம், நரைத்த மீசை, ஒவ்வொரு மயிரும்.

"அப்பா," என்றான் கண்ணன். தேம்பினான்.

ரோகிணிக்கும் அழுகை முட்டியது. ஒரே ஒரு கணம். பிறகு அவருடைய கண்களைப் பார்த்தாள். வீடியோவில் எல்லாரும் சீர்த்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரையா பார்க்கவில்லை. அவர் கண் கீழே, இடது பக்கம், திரைக்கு வெளியே இருந்தது. இமை மூடாத, அந்தக் காலையில் அவள் விரலால் மூடிய அதே பார்வை. மீசைக்குக் கீழே உதடு அசைந்தது. பந்தல் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியும்.

உட்கார்ந்திருந்தது எழுந்தது.

பந்தல் மறைந்தது. குழல்விளக்குகள் மறைந்தன. கடைசியாக அந்த முகம்.

ரோகிணி ஓடினாள். கதவடி வேட்டியை உதைத்துத் தள்ளிக் கதவைத் திறந்துகொண்டு வளவுக்கு வந்து விழுந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. வளவைச் சுற்றிக் கூடத்துக்குப் போய் விளக்கை எடுத்தாள். எண்ணெய் சிந்தியது. திரும்பி வந்தாள். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. தை மாதத்து மத்தியான வெயில் வளவைத் தாண்டி வாசற்படிவரை விழுந்திருந்தது.

படியோடு நின்றுவிட்டது.

உள்ளே அறை இல்லை. கறுப்பு இருந்தது. கதவுச் சட்டத்தில் ஓரம் தைத்த மாதிரி, மேலிருந்து கீழ்வரை. வெளியே இருந்த சுவிட்சைத் தட்டினாள். உள்ளே உயரத்தில் குழல்விளக்கு எரிந்தது. வெள்ளைக் குச்சியாகத் தெரிந்தது. எதன்மேலும் அதன் வெளிச்சம் விழவில்லை. விளக்கை நீட்டினாள். சுடர் துடிக்கக்கூட இல்லை. யாரோ விரலால் கிள்ளிய மாதிரிப் போனது.

"ஏங்க! ஏங்க, வெளிய வாங்க!"

"கதவச் சாத்து." கண்ணன் குரல்தான். ஆனால் பத்தடி அறைக்குள்ளிருந்து வருகிற குரல் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற தூரம். "வெளிச்சம் வருது. சாத்து."

கத்தினாள்; வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டாள். மத்தியானத் தெருவில் ஆளில்லை. அவளுடைய போன் உள்ளே நாற்காலியில் கிடந்தது. இப்போது அது அடித்தது. மணி மட்டும் கேட்டது, வெளிச்சம் தெரியவில்லை. பிறகு அதுவும் தூரமாகிக்கொண்டே போனது.

வேறு வழி தெரியவில்லை அவளுக்கு. ஒருவரை இருட்டில் விட்டாயிற்று. இன்னொருவரை விட முடியாது. படியில் நின்றபடி வலது கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை கை இல்லாமல் போயிற்று. கிணற்றுத் தண்ணீர்க் குளிர். துழாவினாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒரு விரல். பிறகு கை முழுவதும். சுடுகிற, வேர்த்த, கல்யாண மோதிரம் போட்ட கண்ணனின் கை. அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டது.

இழுத்தாள். காலைக் கதவு நிலையில் ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பின் பலமெல்லாம் கொண்டு. அவனும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அங்கிருந்தும் அதே பலத்தில் இழுவை இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவசரம் எதுவும் இல்லாத இழுவை.

"ரோகிணி," என்றது அவன் குரல், இப்போது குழந்தைபோல. "விட்றாத."

"விட மாட்டேன். விட மாட்டேங்க."

முதுகில் வெயில் சுட்டது. அந்தச் சூட்டினால்தான் அது அவளைத் தாண்டி வரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். ஆத்தங்குடித் தரைக் கல்லில் விழுந்திருந்த வெயிலின் ஓரம், அவள் இடது குதிகாலை விட்டு ஒரு விரற்கடை கிழக்கே நகர்ந்திருந்தது.