வல்லை வெளியில் ஒரு குரல்

வல்லை வெளியில் மரமும் இல்லை, வீடும் இல்லை. வானமும் உவர்நிலமும் காற்றும்தான். வெளியின் நடுப்பகுதிக்கு வந்தாலே ஜெசிதாவின் கால்கள் கனக்கத் தொடங்கிவிடும். யாரோ பின்னால் நின்று சைக்கிள் கரியரைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும்.

அன்றும் அப்படித்தான். பெரியம்மா வீட்டிலிருந்து தம்பி கீர்த்திகனோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்று ஊளையிட்டது. தம்பி தன் சின்னச் சைக்கிளில் முன்னால் போய்விட்டான்.

“போதும், இறங்கு,” என்றது ஒரு குரல், காதோரத்தில்.

ஜெசிதா திரும்பிப் பார்த்தாள். வீதியில் ஒருவரும் இல்லை.

“உன்னாலை ஏலாது. விழப்போறாய்.”

கால்கள் மரத்துப்போயின. சைக்கிளை நிறுத்திவிட்டு வீதியோரம் குந்தினாள்.

“தம்பி, நில்லடா. இனி ஒரு மிதிகூட மிதிக்க ஏலாது.”

காற்று அவள் சொற்களைப் பின்னால் அள்ளிக்கொண்டு போனது. தூரத்தில் கீர்த்திகன் சைக்கிளைப் போட்டுவிட்டு வீதியோரச் சேற்றுப் பக்கம் இறங்குவது தெரிந்தது. சற்று நேரத்தில் அவன் குரல் காற்றோடு மெல்லிதாக வந்தது.

“அக்கா, கால் புதையுது. இழுக்க ஏலாமல் கிடக்கு.”

எப்படி ஏறினாள், எப்படி மிதித்தாள் என்று ஜெசிதாவுக்கே தெரியாது. கரியரை யாரும் இழுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது தம்பி முழங்கால்வரை புதைந்திருந்தான். அவள் சேற்றில் இறங்கவில்லை. தன் சைக்கிளைச் சேற்றின்மேல் படுக்க வைத்துத் தள்ளினாள்.

“அந்தரப்படாதை. சைக்கிள் சில்லைப் பிடிச்சுக்கொண்டு படு. நான் இழுக்கிறன்.”

மெல்ல மெல்ல அவன் வெளியே வந்தான், ஒரு செருப்போடு.

“தொப்பி பறந்திட்டுது. அதை எடுக்கத்தான்...”

“தொப்பி போனால் போகட்டும்.”

மூச்சு வாங்கியபடி அவள் தன் கால்களைப் பார்த்தாள். சற்று முன் துளி பலமும் இல்லை என்றிருந்தவை அல்லவா இவை? அப்படிச் சொன்னது யார்?

“போதும், இதிலேயே இரு,” என்றது குரல் மறுபடியும்.

இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கவனமாகக் கேட்டாள். அது அவளுடைய குரலேதான்.

“எனக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயப்பிடுறாய், என்ன?” என்று மெதுவாகக் கேட்டாள். “உண்மையா ஏலாட்டில் நிப்பன். இப்ப அங்கை வீதியோரம் தெரியிற தந்திக் கம்பம்வரைக்கும் போய்ப் பாப்பம்.”

குரல் அடங்கியது.

கீர்த்திகன் சுற்றும்முற்றும் பார்த்தான். “அக்கா, நீ ஆரோடை கதைக்கிறாய்?”

“என்ரை மூளையோடை. சரியான பயந்தாங்கொள்ளி. எண்டாலும் நல்லவள்.”

கீர்த்திகன் சைக்கிளில் ஏறினான். வீடு வரும்வரை அவளுக்குக் கொஞ்சம் தள்ளியே வந்தான்.