பதினாலு நாள் முடியட்டும்

தங்கமணி மோட்டார் கொட்டாயில் தனியாகத் தங்கி அன்றோடு பதினோரு நாள். விடிந்ததும் அவள் கணவன் கந்தசாமிதான் கரும்புக் கொல்லை வரப்பில் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுப்பான். அன்று குரல் கொடுத்தது மாமியார் ராஜாம்பாள். தூக்குக்குப் பதில் கையில் மஞ்சள் கரைத்த சொம்பு. பின்னால் கந்தசாமியின் அக்கா ஜெயம்மாள்.

"வெளிய வாடிம்மா... தீட்டு கழிச்சிடலாம்!"

தங்கமணி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அங்கயே நில்லுங்க அத்த. இது தீட்டு இல்ல."

"பின்ன இன்னாவாம்? பதினோரு நாளு ஒதுங்கிக் கெடந்தா அதுக்கு வேற இன்னா பேரு? தலையோட ரெண்டு சொம்பு ஊத்துனா எல்லாம் போயிடும்."

அது கொரோனா வந்த முதல் வருஷம். தங்கமணி கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி நர்சு. ஐந்தாம் நாள் எடுத்த டெஸ்டில் அவளுக்கு நோய் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் உள்ளே புகுந்த கிருமி தலைகாட்டப் பதினாலு நாள்கூட ஆகலாம். ராஜாம்பாளுக்குச் சர்க்கரை நோய்; நெஞ்சு வலி வந்து ஒரு முறை பிழைத்தவள். அந்த வீட்டுக்குள் அவசரப்பட்டுக் காலெடுத்து வைக்கத் தங்கமணிக்குத் துணிவில்லை.

அவள் ஒதுங்கிய மூன்றாம் நாள்தான் மகள் பொன்னி பெரிய மனுஷியானாள். மலையடிவாரத்திலிருந்து தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து வாசலோரம் குடிசை கட்டினான். அம்மா கரும்புக் கொல்லையில், பெண் ஓலைக் குடிசையில். இன்று குடிசைக்கு ஒன்பதாம் நாள். அதைப் பிரித்துப் பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"டெஸ்டுல ஒண்ணும் இல்லியாமே?" என்றாள் ஜெயம்மாள். "உங்கூட வேல செய்யறவளுங்க எல்லாம் அவவ வூட்ல சோறாக்கிக்கினு இருக்காளுங்க. உனக்கு மட்டும் இன்னா? மாமியாளுக்கு வெந்நீ வெக்க கை நோவுதா?"

"இன்னும் மூணே நாளு அண்ணி... அத்த, கொஞ்சம் பொறுங்க. எம் பொண்ணுக்கு நானே தண்ணி ஊத்தணும்."

"பொறுக்கறதா? ஒத்தப்படையா நாள் பாத்து வெச்சிருக்கேன்! பெத்த பொண்ணு சடங்குக்கு வராம எவளாச்சும் கொல்லையில ஒளிஞ்சிக்குவாளா? எவன தொட்டுட்டு வந்து இப்படிக் கெடக்கறியோ... எம் பேத்திய விட அவன் உனக்கு ஒசத்தியா?"

தங்கமணி முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் தொட்டது மாயவனை. ராஜாம்பாளின் கடைக்குட்டி. சென்னையில் காய்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் வீட்டில் நினைப்பு. லாரி மாறி லாரி ஏறி வந்து, உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரி வாசலில் விழுந்தான். கவச உடை மாட்ட நேரமாகும். அவனுக்கு அந்த நேரம் இல்லை. தங்கமணி அப்படியே ஓடித் தூக்கினாள். மூச்சுக்குத் தவித்தவன் அவள் முகக்கவசத்தைப் பற்றி இழுத்துவிட்டான். ஆக்சிஜன் ஏறிக் கண் திறந்ததும் அவன் சொன்னது ஒன்றுதான்: "அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணி... ஓடியாந்து என்னைக் கட்டிக்கும்."

அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கந்தசாமிக்குக்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன் அவன்.

"வாயத் தொறக்கறாளா பாரு!" ராஜாம்பாள் சொம்புத் தண்ணீரை வரப்பில் கொட்டினாள். "நீ வராட்டி போ! ஜெயம்மா ஊத்துவா. இனிமே அந்தப் பொண்ணுக்கு அவதான் அம்மா!"

மஞ்சள் தண்ணீர் மண்ணில் ஊறி மறையும்வரை தங்கமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்து அழுதாள்.

வெயில் ஏறியபோது கந்தசாமி ஓட்டமாக வந்தான்.

"முடிஞ்சிடுச்சாங்க?" என்றாள், கதவைத் திறக்காமலே.

"எங்க முடிஞ்சிது! உம் பொண்ணு குடிசைய வுட்டு வரமாட்டேன்ட்டா. மாமன் ஓலைய இந்தப் பக்கம் இழுக்கறான், அவ உள்ளருந்து அந்தப் பக்கம் இழுக்கறா!"

"ஐயோ... அத்த இன்னா சொன்னாங்க?"

"எங்க சொல்ல வுட்டா? 'ஆயா, ஒம்போது நாளா எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. என்னைத் தொட்ட பூனையக்கூட குளிப்பாட்டச் சொன்ன. எங்கம்மாவும் அதையேதான செய்யுது? அதுக்குப் பதினாலு நாள் முடியட்டும், அப்புறம் வரேன்'னுட்டா. அம்மா வெரல வுட்டு எண்ணிப் பாத்துட்டு, 'பதிமூணாம் நாளும் ஒத்தப்படதான்'னு மொணகிக்கினு போயிடுச்சி."

கதவுக்குப் பின்னால் தங்கமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பதினாலு நாளும் முடிந்தது. மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, வரப்பில் நடந்து வீட்டுக்கு வந்தாள். தெருப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்ல. நல்லா தளதளன்னுதான் வரா!" ஜெயம்மாளின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "இதுக்கா இத்தினி நாளு கூத்து?"

பொன்னி மணையில் உட்கார்ந்திருந்தாள். ராஜாம்பாள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதல்ல அத்தக்காரி ஊத்தட்டும். வேளைக்கு வராதவ கடைசியா ஊத்திக்கட்டும்."

"நான் அம்மாவுக்காகத்தான்..." என்று எழப்போன மகளைக் கண்ணாலேயே அமர்த்திவிட்டு, தங்கமணி பின்னால் போய் நின்றாள்.

அப்போதுதான் தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. எலும்பும் தோலுமாய் ஒருவன் இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாயவா! எஞ்சாமி... இன்னாடா இப்படி ஆயிட்ட!" ராஜாம்பாள் ஓடினாள்.

"கிட்ட வராதம்மா!"

அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"நேத்துதான் டிஸ்சார்ஜ் ஆனேன். இன்னும் ஏழு நாளு நான் தனியா இருக்கணும். அண்ணி இருந்த கொட்டாயில இருந்துக்கறேன்." அவனுக்கு இரைத்தது. நிறுத்தி நிறுத்தி, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். தள்ளி வாசல்களில் நின்ற பெண்கள், "இன்னா சொல்றான்? இன்னாவாம்?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

ராஜாம்பாள் மெல்லத் திரும்பி வந்தாள். மருமகளின் எதிரில் நின்றாள். "ஏண்டி... அத்தன பேசினேனே... ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க வார்டுக்கு ஓடியாந்திருப்பீங்க அத்த."

கிழவியின் முகம் கோணியது. தங்கமணியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினாலு நாளாக யாருமே தொடாத உடம்பு அது. அந்தப் பிடியில் குலுங்கிக் குலுங்கி அழுதது.

ராஜாம்பாள் ஜெயம்மாளின் கையிலிருந்த சொம்பை வாங்கி மருமகளின் கையில் வைத்தாள். "நீதாண்டி மொதல்ல!" பிறகு, கண்ணைக்கூடத் துடைக்காமல் தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! ஆஸ்பத்திரி வாசல்ல உசுரு போவ இருந்த எம் புள்ளய ஓடிப்போய்த் தூக்கினது இவதான்... எம் மருமவ!"