ஐந்து பேரின் கவசம்

கவசம் பொருந்தியிருக்கக் கூடாது. அதுதான் நோட்புர்காவை முதலில் உறுத்தியது. வலக்கால் தகடு ஒரு குட்டையனுடையது. இடக்கால் தகடு அவனைவிட நாலு விரற்கடை உயர்ந்தவனுடையது. மார்புத் தகட்டுக்காரன் பீப்பாய் போல இருந்திருப்பான், கைத்தகடுகள் இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை. ஐந்து பேர் செத்து ஐந்நூறு வருஷம் கழித்து மிச்சமான இரும்பைப் பொறுக்கி, துரு நீக்கி, புது வார் தைத்து, ஒரே வீரனாக நிறுத்துவதுதான் அவள் வேலை. இந்த மாதிரி ஒட்டுக் கவசம் எந்த மரப்பொம்மையிலும் கச்சிதமாக உட்காராது. இங்கே பஞ்சு திணிக்கவேண்டும், அங்கே கட்டையைச் செதுக்கவேண்டும். முப்பது வருஷத்தில் அவள் திணித்த பஞ்சுக்குப் பத்து மெத்தை தைத்திருக்கலாம். இந்தத் தடவை ஒரு பிடிப் பஞ்சுகூடச் செலவாகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு பல் பிடுங்கிக்கொள்ளக் கீழே ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கோட்டையின் மாடிப் பட்டறையில், சன்னலோரம், தலைமுதல் கால்வரை தடித்த சணல்துணி சுற்றிய ஆளுயரப் பொம்மை நின்றது. கவசத்துக்காகச் சொல்லிவைத்த மரப்பொம்மையைத் தச்சன் காஸியன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லாமல் வருவதும் சொல்லாமல் போவதும் காஸியனுக்குப் பழக்கம்தானே. யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. கேட்க ஆளும் இல்லை. குளிர்காலத்தில் கோட்டை மூடிக்கிடக்கும். சனிக்கிழமை தோறும் காவல்காரன் விகில் ஜீப்பில் ரொட்டியும் பாலும் கொண்டுவருவான். முட்டிவலிக்காரன், படியேற மாட்டான். கீழே நின்று இரண்டு வார்த்தை கிண்டலடித்துவிட்டுப் போய்விடுவான்.

கவசத்தைக் காலிலிருந்து தொடங்கித்தான் பூட்டவேண்டும், தலை கடைசியில். முன்பெல்லாம் அவள் கணவன் ரோமெட் அந்தப் பக்கம் நின்று தகட்டைப் பிடித்துக்கொள்வான், அவள் இந்தப் பக்கம் வாரை இழுத்துக் கொக்கி மாட்டுவாள். அவன் போய் இரண்டு வருஷம். இப்போது அவள் கவசத்திடமே பேச ஆரம்பித்திருந்தாள். "நிமிர்ந்து நில்லேன், என்ன அவசரம் உனக்கு" என்று அதட்டுவாள். இரண்டு நாளில் முடிகிற வேலையை வேண்டுமென்றே இழுத்தடித்தாள். திங்கட்கிழமை நகரத்து அருங்காட்சியக லாரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு ஈஸ்டருக்குக் கோட்டை திறக்கும் வரைக்கும் அவளும் கரி அடுப்பும்தான்.

ஆகையால் சில விஷயங்களை அவள் கண்டுகொள்ளவில்லை. மாலையில் மூன்றாவது துளையில் மாட்டிய வார் காலையில் விறைத்து நிற்கும். தோல் சுருங்கியிருக்கும் என்பாள். ஆளிவிதை எண்ணெய், ஈரத்தோல் வாசனைகளுக்கு அடியில், யாரோ போர்த்திப் படுத்து எழுந்த அறையின் புழுங்கல் வாடை ஒன்று மெல்ல மூக்கில் ஏறும். மார்புத் தகட்டுக்குள் கைவிட்டால் துணி சில்லென்று இருக்காது. அடுப்பு பக்கத்தில்தானே இருக்கிறது என்பாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டது. எல்லாம் பூட்டியாயிற்று. தலைக்கவசத்தை இரண்டு கையிலும் ஏந்தி அதன்முன் நின்றாள். கீழே ஜீப் வந்து நின்றது.

"நோட்புர்கா, உன் இரும்பு மாப்பிள்ளைக்குத் தலை வச்சாச்சா?"

"வைக்கத்தான் போறேன்."

"கொஞ்சம் பொறு. காஸியன் தலையைச் சொறியறான், மூணு வாரம் தாமதமாயிடுச்சாம். இப்பத்தான் உன் மரப்பொம்மையைச் செஞ்சு முடிச்சான். வண்டியில இருக்கு, இறக்கட்டுமா?"



மரப்பொம்மைக்கு அடியில் ஒரு பலகை இருக்கும். அதில்தான் அது நிற்கும். அவள் குனிந்து பார்த்தாள். பலகை இல்லை. சணல்துணி சுற்றிய இரண்டு பாதங்கள். ஒன்று சிறியது. ஒன்று பெரியது.

மூன்று வாரமாக இந்தக் கால்களுக்கு அவள்தான் தகடு மாட்டினாள்.

"காதுல விழுதா? நானே மேல தூக்கிட்டு வரவா? முட்டி வலிச்சா வலிச்சிட்டுப் போகுது."

அவள் மணிக்கட்டில் இரும்பு விரல்கள் படிந்தன. இறுக்கவில்லை. கூட்டத்தில் குழந்தை அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொள்வது போல, அவ்வளவுதான். அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ரோமெட்டின் சட்டைக்கையை அவள் அப்படித்தான் பிடித்திருந்தாள்.

கத்தலாம். விகில் வருவான். எல்லாம் முடிந்துபோகும். பிறகு திங்கட்கிழமை. பிறகு காலி அறை.

"வேண்டாம் விகில். கீழயே வச்சிட்டுக் கிளம்பு, பனி கொட்டப்போகுது."

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தனியா இருந்துக்குவியா?"

"எப்பவும் இருக்கறதுதானே."

கீழே மரப்பொம்மை கல்தரையில் இடித்தது. ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது. முதல் வளைவில் சத்தம் தேய்ந்தது. இரண்டாவது வளைவில் இல்லை.

பிடி இறுகியது.

"விகில்" என்றாள். அது அவள் காதுக்கே எட்டவில்லை.

வாய் இருக்கவேண்டிய இடத்தில் சணல்துணி ஈரமானது. உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. ஒரு மூச்சல்ல. முன்னும் பின்னுமாக, ஒன்றோடொன்று சேராமல், ஐந்து.

பிறகு அது தலைக்கவசத்துக்காக, அவள் கைக்கு எட்டும்படி, மெதுவாகக் குனிந்தது.